வைட்டமின் சி மாத்திரை நுரையீரலை வலுப்படுத்துமா?

கேள்வி: நான் கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். வயது 62. புகைப் பழக்கம் இல்லை. ஆஸ்துமாவோ வேறு நோயோ இல்லை. சென்ற ஜனவரியில் எங்கள் ஊரில் நடந்த மருத்துவ முகாமில் குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதித்தார்கள். முதல் நொடியில் வெளியேறும் காற்று 2.62 லிட்டர் என்றும், என் வயதுக்கு அது சரியான அளவுதான் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். ஆனாலும், மலைக்காற்றில் வாழ்பவர்களின் நுரையீரலுக்கு வைட்டமின் சி மிகவும் நல்லது என்று நண்பர் ஒருவர் சொன்னதால், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் 1,000 மி.கி. மாத்திரையை அன்றுமுதல் நாள்தோறும் எடுத்துவருகிறேன். காலை நடைப்பயிற்சியையும் அதே சமயத்தில்தான் தொடங்கினேன். ஏப்ரல் மாதத்தில் குன்னூரில் மறுபடி ஊதிப் பார்த்தபோது 2.71 லிட்டர் வந்தது. பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஏறும் படிகளில் முன்போல் மூச்சு வாங்குவதும் இல்லை. இதற்கு மாத்திரைதான் காரணமா? வாழ்நாள் முழுவதும் தொடரலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எண்களை எழுதியனுப்பியது பெரிய உதவி. அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

2.62 லிட்டருக்கும் 2.71 லிட்டருக்கும் உள்ள வேறுபாடு 90 மி.லி.; அதாவது மூன்றரை சதவீதத்துக்கும் குறைவு. ஸ்பைரோமெட்ரி எனப்படும் இந்த ஊதும் சோதனையை ஒருவருக்கு ஒரே இடத்தில், ஒரே இயந்திரத்தில், சில நிமிட இடைவெளியில் மூன்று முறை செய்தாலே முடிவுகள் ஒன்றுபோல் வருவதில்லை. அவற்றுள் மிகச் சிறந்த இரண்டு முடிவுகளுக்கு இடையே 150 மி.லி. வரை வேறுபாடு இருந்தாலும் சோதனை சரியாகச் செய்யப்பட்டது என்றே பன்னாட்டு நுரையீரல் மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதல் ஏற்றுக்கொள்கிறது. வாரங்கள் கடந்து எடுக்கும் இரண்டு சோதனைகளை ஒப்பிடும்போது, நலமாக உள்ளவரிடம் 12 சதவீதமாவது மாறியிருந்தால்தான் அதை உண்மையான மாற்றமாகக் கருதலாம் என்பது மருத்துவர்கள் நெடுநாளாகக் கைக்கொண்டுவரும் அளவுகோல். உங்கள் 90 மி.லி. இந்த எல்லைகளுக்குள் அடங்கிவிடுகிறது. அதுமட்டுமல்ல, முதல் சோதனை ஜனவரியில், உறைபனிக் காலத்தில் நடந்திருக்கிறது. இரண்டாவது சோதனை ஏப்ரலில், வேறு ஊரில், பெரும்பாலும் வேறு இயந்திரத்தில் நடந்திருக்கிறது. குளிர்ந்த காற்று மூச்சுக்குழாய்களைச் சற்றே சுருக்கும். நண்பகலில் ஊதினால் அதிகாலையில் ஊதுவதைவிடக் கூடுதலாக வரும். இவற்றோடு, முதல் தடவை தயக்கத்தோடு ஊதியவர், நெஞ்சு நிறைய இழுத்து, உதட்டைக் குழாயில் நன்றாகப் பொருத்தி, ஒரே வீச்சில் ஊத வேண்டும் என்பதை இரண்டாம் தடவைக்குள் கற்றுக்கொண்டுவிடுகிறார்.

இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்கலாம். இருபதுகளின் நடுவில் உச்சத்தைத் தொடும் நுரையீரல் திறன், அதன் பிறகு புகைபிடிக்காதவரிடமும் ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 மி.லி. வரை குறைந்துகொண்டே வருகிறது. மூன்று மாதத்தில் 90 மி.லி. உண்மையாகவே கூடியிருந்தால், ஒரு மாத்திரை உங்களை மூன்று ஆண்டுகள் பின்னோக்கி அழைத்துச் சென்றது என்று பொருளாகும். அப்படிச் செய்யக்கூடிய எந்த வைட்டமினும் இதுவரை அறியப்படவில்லை. படிகளில் இளைப்புக் குறைந்தது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. நாள்தோறும் நடந்ததால் உங்கள் கால் தசைகளும் இதயமும் பழகி, அதே ஏற்றத்துக்கு இப்போது குறைவான காற்றே போதுமானதாகிவிட்டது என்பதுதான் அதற்குப் பொருத்தமான விளக்கம். அந்த நற்பெயரை மாத்திரைக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

உங்கள் நண்பர் சொன்னதற்கும் ஓர் அடிப்படை உண்டு என்பதால் அதையும் விளக்கிவிடுகிறேன். மூச்சுக்குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் வைட்டமின் சி இயல்பாகவே இருக்கிறது; புகையோடும் ஓசோனோடும் உள்ளே வரும் வேதிப்பொருள்களை முதலில் எதிர்கொள்வனவற்றுள் அதுவும் ஒன்று. 1995ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவில், உணவில் நாளொன்றுக்கு 40 மி.கி. வைட்டமின் சி கூடுதலாகப் பெற்றவர்களின் முதல் நொடிக் காற்றளவு சுமார் 25 மி.லி. அதிகமாக இருந்தது. இதுபோன்ற முடிவுகள் வேறு நாடுகளிலிருந்தும் வந்துள்ளன. ஆனால் இவை எல்லாம் மக்கள் உண்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்ட ஆய்வுகளே தவிர, மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் அல்ல. பழமும் காய்கறியும் நிறைய உண்பவர் பெரும்பாலும் புகைபிடிக்காதவராக, ஓரளவு வசதியுள்ளவராக, நன்றாக நடப்பவராக, புகையில்லாத வீட்டில் வசிப்பவராகவும் இருப்பார். அவருடைய நல்ல மூச்சுக்கு இவற்றுள் எது காரணம் என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. மேலும், பழத்தில் இருப்பது வைட்டமின் சி மட்டும் அல்லவே.

அதைப் பிரித்தறிய வேண்டுமானால், ஒரு பகுதியினருக்கு மாத்திரையும் மறுபகுதியினருக்கு அதேபோல் தோன்றும் வெற்று மாத்திரையும் கொடுத்து ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் 20,536 பேரை வைத்து நடந்த இதயப் பாதுகாப்பு ஆய்வு அத்தகையது. நாள்தோறும் 250 மி.கி. வைட்டமின் சி, 600 மி.கி. வைட்டமின் ஈ, 20 மி.கி. பீட்டா கரோட்டின் (கேரட்டுக்கு நிறம் தரும் சத்து) ஆகியவற்றை ஒருசேர ஐந்து ஆண்டுகள் கொடுத்தார்கள். இரத்தத்தில் வைட்டமின் அளவு நன்றாகவே உயர்ந்தது. ஆனால் 2002இல் வெளியான முடிவின்படி, மாத்திரை உண்டவர்களுக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் இடையே நுரையீரல் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதில் கலந்துகொண்டவர்கள் இதயநோயோ நீரிழிவோ உள்ளவர்கள் என்பதையும், மூன்று பொருள்கள் ஒன்றாகக் கொடுக்கப்பட்டன என்பதையும் நேர்மையோடு சொல்லியாக வேண்டும். ஆயினும் ஐந்தாண்டுக் காலம் இத்தனை பேரிடம் தெரியாத பலன், உங்களைப் போன்ற நலமுள்ளவரிடம் மூன்று மாதத்தில் தெரியும் என்று எதிர்பார்க்க எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

இதன் காரணம் நம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆடும் நாயும் தமக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தாமே உருவாக்கிக்கொள்கின்றன. மனிதனுக்கு அந்த ஆற்றல் இல்லாததால் உணவிலிருந்துதான் பெற வேண்டும். பெறுவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே தடவையில் 200 மி.கி. வரை உட்கொண்டால் ஏறத்தாழ முழுவதையும் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. 1,000 மி.கி.க்கு மேல் போகும்போது பாதிக்கும் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. அப்படி உறிஞ்சியதிலும் மிகுதியானதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. இரத்த வெள்ளணுக்கள் நாளொன்றுக்கு 100 மி.கி. அளவிலேயே நிறைந்துவிடுகின்றன. நம் நாட்டின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் பரிந்துரைத்த அளவு ஆண்களுக்கு நாளொன்றுக்கு 80 மி.கி., பெண்களுக்கு 65 மி.கி. மட்டுமே. நடுத்தர அளவுள்ள ஒரு கொய்யாப்பழம் இதைத் தாண்டிவிடும்.

மலைக்காற்றைப் பற்றியும் ஒரு சொல். கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடல் இதைச் சற்று ஆழமாக மூச்சு விடுவதன் மூலமும், சிவப்பணுக்களைக் கூடுதலாக உருவாக்குவதன் மூலமும் ஈடுசெய்துகொள்கிறது. அங்கேயே வாழ்பவருக்கு இது பழகிப்போன ஒன்று. இதில் வைட்டமின் சி மாத்திரை செய்யக்கூடியது எதுவும் இல்லை.

ஆகவே மாத்திரையை நிறுத்திவிடலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டிய தேவையும் இல்லை. நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கொடைக்கானலில் சிறிய மெஸ் நடத்துகிறேன். எரிவாயு இருந்தாலும் சாதம், சாம்பார், வெந்நீர் எல்லாம் விறகடுப்பில்தான். அடுப்படியில் நாள் முழுக்கச் சீகை விறகுப் புகை. என் கணவர் பீடி பிடிப்பவர். மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. எனக்குக் குளிர்காலத்தில் இருமல் விடுவதே இல்லை. மூன்று பேரும் வைட்டமின் சி, கரோட்டின் கலந்த சத்து மாத்திரை எடுத்துக்கொண்டால் புகையின் கெடுதல் குறையுமா?

பதில்: அம்மா, இந்த வாரம் வந்த கடிதங்களுள் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்தது உங்களுடையதுதான். இருமலிலிருந்து தொடங்குவோம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் முதலில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் இல்லை. அடுத்ததாக ஸ்பைரோமெட்ரி செய்துகொள்ளுங்கள். வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொடாத பெண்களுக்கு, பல ஆண்டுகள் விறகுப் புகையில் சமைத்ததால் மட்டுமே நாட்பட்ட மூச்சடைப்பு நோய் வருவது நம் நாட்டில் அரிதன்று. "குளிருக்கு வரும் இருமல்" என்று ஒதுக்கிவைத்து, படியேற முடியாத நிலையில் மருத்துவரிடம் வருபவர்கள் பலர். மூச்சுக்குழாய்களை விரிக்கும் மருந்தை உறிஞ்சிய பிறகும், முழு ஊதலில் வெளியேறும் காற்றில் 70 சதவீதத்துக்கும் குறைவாகவே முதல் நொடியில் வெளியேறினால், அந்த நோய் இருப்பதாகக் கருதி மருத்துவம் தொடங்குவார்கள். அந்த நிலையை வைட்டமின் மாத்திரை தடுப்பதில்லை. அதைவிடக் கெடுதல், ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற நிம்மதியைக் கொடுத்துச் சோதனையைத் தள்ளிப்போட வைக்கிறது.

உங்கள் கணவர் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. புகைபிடிப்பவர்களின் இரத்தத்தில் வைட்டமின் சி குறைவாக இருப்பது உண்மை. அதனால் அவர்களுக்கு நாளொன்றுக்கு 35 மி.கி. கூடுதலாக வேண்டும் என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்கிறது. அந்தக் கூடுதல் அளவு கால் கொய்யாவிலேயே கிடைத்துவிடும். ஆனால் கரோட்டின் மாத்திரையை அவர் தொடவே கூடாது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பாளர்களிடம் நடந்த ஆய்வில், நாள்தோறும் 20 மி.கி. பீட்டா கரோட்டின் உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது அது 18 சதவீதம் கூடியிருந்தது. அடுத்து அமெரிக்காவில் நடந்த மற்றோர் ஆய்வும் அதையே காட்டியதால் 1996இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மலையில் விளையும் கேரட்டைப் பொரியலாகவோ பச்சையாகவோ உண்பதால் இந்த ஆபத்து இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கேரட் விவசாயிகள் பதற வேண்டாம். பிரித்தெடுத்துச் செறிவூட்டிய மாத்திரைதான் சிக்கல்.

மருமகளைப் பற்றிக் கேட்டதில் நுட்பமான செய்தி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் புகையை விட முடியாத கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 500 மி.கி. வைட்டமின் சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. பிறந்த குழந்தைகளின் நுரையீரல் திறன், வெற்று மாத்திரை பெற்ற தாய்மார்களின் குழந்தைகளுடையதைவிடச் சிறப்பாக இருந்தது. முதல் ஆண்டில் மூச்சிரைப்பும் குறைந்தது. இது நிக்கோட்டின் கருவின் நுரையீரலைப் பாதிக்கும் விதத்தோடு தொடர்புடையது. உங்கள் மருமகள் புகைபிடிப்பவர் அல்லர்; விறகுப் புகையிலோ, பிறர் விடும் பீடிப் புகையிலோ இருப்பவருக்கும் இதே பலன் கிடைக்கும் என்று அந்த ஆய்விலிருந்து முடிவு செய்ய முடியாது. மகப்பேறு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளைத் தவறாமல் உண்ணட்டும். அந்த அடுப்படிக்குள் அவரை விடாதீர்கள். உங்கள் கணவர் பீடியை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளட்டும், விட்டுவிட முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

மெஸ்ஸுக்கு ஒரு யோசனை. விறகை முற்றிலும் கைவிட முடியாது என்றால், வெந்நீர் அடுப்பையாவது கட்டடத்துக்கு வெளியே கூரை போட்டு மாற்றுங்கள். அடுப்புக்கு மேல் கூரையைத் தாண்டி உயரும் புகைபோக்கி வையுங்கள். அதன் உட்புறத்தில் படியும் கரியை அவ்வப்போது தட்டி எடுக்காவிட்டால் புகை திரும்ப உள்ளேயே இறங்கும். நனைந்த விறகை எரிக்காதீர்கள். இரவில் குளிருக்காகக் கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்துப் படுக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அதில் வெளியாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். மலையில் இப்படி உயிர் போன செய்தியை நாளிதழில் படிக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறுகிறது.

கேள்வி: உதகமண்டலத்தைச் சேர்ந்த நான் ராணுவ ஆள்சேர்ப்புக்கான 1,600 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்துவருகிறேன். வயது 20. மூச்சுத் திறனைக் கூட்ட வைட்டமின் சி, வைட்டமின் ஈ மாத்திரைகளை உடன் பயிற்சி செய்பவர்கள் உண்கிறார்கள். நானும் உண்ணலாமா?

பதில்: தம்பி, நலமான இளைஞரின் ஓட்டத்தை வழக்கமாகக் கட்டுப்படுத்துவது நுரையீரல் அன்று, இதயம் எவ்வளவு இரத்தத்தை அனுப்புகிறது, தசைகள் அதிலுள்ள ஆக்ஸிஜனை எவ்வளவு பயன்படுத்துகின்றன என்பவைதான். கடும் பயிற்சியின்போது தசையில் உண்டாகும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தமே (ஆக்ஸிஜனிலிருந்து உருவாகும் வீரியமிக்க வேதிப்பொருள்கள் பெருகும் நிலை), "இன்னும் வலுப்பெறு" என்று தசைக்குச் செய்தி சொல்லும் வழிகளுள் ஒன்று. அதை மாத்திரை கொண்டு அடக்கினால் என்ன ஆகும் என்று நார்வேயில் ஆராய்ந்தார்கள். நாளொன்றுக்கு 1,000 மி.கி. வைட்டமின் சியும் 235 மி.கி. வைட்டமின் ஈயும் உண்டபடி 11 வாரம் பயிற்சி செய்தவர்களின் தசைகளில், பயிற்சியால் வளர வேண்டிய ஆற்றல் மையங்களின் (மைட்டோகாண்ட்ரியா) அடையாளங்கள் மற்றவர்களிடம் கூடிய அளவுக்குக் கூடவில்லை என்று 2014இல் வெளியான முடிவு காட்டியது. அவர்களின் ஓட்டத் திறன் குறைந்துவிடவில்லை. ஆனால் கூடுதல் பலனும் கிடைக்கவில்லை. பயிற்சியை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ள விரும்பும் நீங்கள் எதற்காக இந்தக் குறுக்கீட்டை விலைகொடுத்து வாங்க வேண்டும்?

ஓட்டக்காரர்களுக்கு ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. மாரத்தான் ஓடியவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்த ராணுவ வீரர்கள் ஆகிய ஏறத்தாழ 600 பேரிடம் நடந்த ஐந்து ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, வைட்டமின் சி எடுத்தவர்களுக்குச் சளி பிடிப்பது பாதியாகக் குறைந்திருந்தது. பொதுமக்களிடம் அப்படிக் குறையவில்லை. சளி நீடிக்கும் காலம் மட்டும் பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம் குறுகியது. 1,600 மீட்டர் ஓட்டம் அந்த வகைக் கடும் உழைப்பில் சேராது. அதற்குப் பதிலாக ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரத்தசோகை இருந்தால் எத்தனை பயிற்சி செய்தாலும் கடைசிச் சுற்றில் மூச்சு வாங்கும். ராகிக் களியோ கீரையோ உண்ணும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் அவற்றிலுள்ள இரும்புச்சத்து நன்றாக உறிஞ்சப்படும். வைட்டமின் சி உங்களுக்கு உதவக்கூடிய இடம் இதுதான். காலைக் குளிரில் ஓடியபின் நெஞ்சில் இறுக்கமும் விசில் போன்ற சத்தமும் வருமானால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். அது உடற்பயிற்சியால் தூண்டப்படும் மூச்சுக்குழல் சுருக்கமாக இருக்கலாம், அதற்கு நல்ல மருந்துகள் உள்ளன.

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கம் முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு கமலா ஆரஞ்சு இருந்தது. நோய் தாக்கி மரங்கள் பட்டுப்போன பிறகு காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. வைட்டமின் சிக்கு ஆரஞ்சு இல்லாமல் சமாளிக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். கீழ்ப்பழனி மலையின் ஆரஞ்சுத் தோட்டங்கள் அழிந்தது விவசாயிகளுக்குப் பெரும் இழப்பு. ஆனால் வைட்டமின் சி கணக்கில் ஆரஞ்சு நம்மூர்ப் பழங்களுள் முன்வரிசையில் இருப்பது அன்று. 100 கிராம் நெல்லிக்காயில் சுமார் 250 மி.கி., கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல், முருங்கைக்கீரையில் 100 மி.கி. அளவுக்கு உள்ளது, ஆரஞ்சில் 40 முதல் 50 மி.கி.தான். முட்டைக்கோஸிலும் ஓரளவு உண்டு. இந்த வைட்டமின் வெப்பத்தில் சிதையும், நீரில் கரைந்துபோகும் என்பதால், கோஸை நறுக்கிய பின் நீரில் ஊறவைக்காமல், கொஞ்ச நேரம் மட்டும் வதக்கி, வடிநீரைக் கொட்டாமல் சமையுங்கள். கீரையை நறுக்குவதற்கு முன்பே அலசிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஏற்கெனவே சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. வைட்டமின் சி மாத்திரை மிகையானால் சிறுநீரில் போய்விடும், கெடுதல் எதுவும் இல்லை என்று குன்னூரில் கடைக்காரர் சொல்கிறார். சரியா?

பதில்: முழுவதும் சரியன்று. வைட்டமின் சியின் ஒரு பகுதி உடலில் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. சுவீடனில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பதினோரு ஆண்டுகள் கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், இம்மாத்திரையை வழக்கமாக உண்டவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. உங்களுக்கு இந்த மாத்திரை வேண்டாம். இரும்புச்சத்து உடலில் தேங்கும் நோய், தலசீமியா என்னும் பரம்பரை இரத்தசோகை, சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் ஜி6பிடி நொதிக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உண்ணக் கூடாது. அரிவாளணுச் சோகை குடும்பத்தில் இருக்கும் நீலகிரிப் பழங்குடி மக்களும் எந்தச் சத்து மாத்திரையாக இருந்தாலும் தங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டே வாங்குவது நல்லது. நீரிழிவு உள்ளவர்கள் மிக அதிக அளவில் எடுத்தால் சில வகைக் குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையை உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் ஆபத்தாகும். மென்று தின்னும் புளிப்பு மாத்திரைகளை மிட்டாய் போல் அடிக்கடி வாயில் வைத்திருந்தால் பல்லின் மேற்பூச்சு அரிக்கும். நலமுள்ள பெரியவருக்கும் நாளொன்றுக்கு 2,000 மி.கி. என்பதே உச்ச வரம்பு. அதற்கு மேல் போனால் வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் வரும்.